பட்ஜெட் பணம் கரைக்கு வரும் வழி: ராமநாதபுரம் கடலோரத்துக்கான கேள்வி பதில்

நரிப்பையூரில் தொடங்கி எஸ்.பி.பட்டினம் வரை ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 237 கிலோமீட்டர். இந்தக் கரையில் பட்ஜெட் என்றதும் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றுகின்றன: சென்னையிலும் டெல்லியிலும் கோடி கோடியாக வாசிக்கிறார்கள், இங்கே மீன் இறங்குதளத்தில் விளக்கு எரிவதில்லை, ஏன்? மீனவர் சங்கம், ஊராட்சி, மகளிர் குழு என்று ஓடியாடும் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

நிதிநிலை அறிக்கையில் எங்கள் ஊர்ப் பெயரை வாசித்துவிட்டார்கள். இனி பணம் வந்துவிடும்தானே?

அவசரப்படாதீர்கள். பேரவையில் வாசிப்பது அறிவிப்பு. அதன்பின் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது தன் செலவுக்கு இவ்வளவு வேண்டும் என்று துறை பேரவையிடம் கேட்பது, நிறைவேறி, நிதி ஒதுக்கச் சட்டம் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க முடியும். அடுத்து நிர்வாக ஒப்புதல் அரசாணை. பொறியாளர்கள் விரிவான மதிப்பீடு தயாரித்துத் தொழில்நுட்ப ஒப்புதல் வாங்குவார்கள். கரையோர வேலை என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு அருகில் என்றால் வனத்துறையும் கேள்வி கேட்கும். பிறகு ஒப்பந்தப்புள்ளி: 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ஒப்பந்தம், வேலை உத்தரவு, வேலை, எம்-புக்கில் (நடந்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) அளவு, கருவூலத்தில் பில். இத்தனை கை மாறிய பிறகே பணம்.

அறிவிப்பைக் கேட்கும்போது தொகையைவிட வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘இத்தனை கோடியில் அமைக்கப்படும்’ என்றால் மதிப்பீடு ஓரளவு தயார். ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றால் இனிமேல்தான் கோப்பு தொடங்கும். ‘சாத்தியக்கூறு ஆராயப்படும்’ என்றால் அந்த ஆண்டில் ஆலோசனை நிறுவனத்துக்கு மட்டுமே பணம். ராமேஸ்வரத்தில் விமான நிலையம் என்று 2025 மார்ச் 14 மாநில பட்ஜெட்டில் வந்ததே, அந்த மாதிரிப் பெரிய வேலைகளுக்கு முதலில் தேவைப்படுவது இடத்தேர்வுக்கும் ஆய்வுக்குமான சிறு தொகைதான். ஓடுபாதைக்கான பணம் பல பட்ஜெட் தாண்டித்தான் வரும்.

பட்ஜெட் புத்தகத்தில் எங்கள் திட்டத்துக்கு நேராக வெறும் ‘1’ என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

இல்லை. மாநில பட்ஜெட்டின் விரிவான புத்தகங்களில் தொகை ஆயிரம் ரூபாயில் இருக்கும். அந்த ‘1’ ஆயிரம் ரூபாய். கணக்குத் தலைப்பைத் திறந்து வைப்பதற்காகப் போடும் பெயரளவு ஒதுக்கீடு அது. பணம் பின்னர் துணை மானியக் கோரிக்கையிலோ (ஆண்டின் நடுவில் பேரவையிடம் கூடுதலாகக் கேட்பது), வேறு தலைப்பில் மிச்சமானதை மாற்றியோ வரலாம். வராமலும் போகலாம். கதவு திறந்திருக்கிறது, வீட்டுக்குள் ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கென்று தனி பட்ஜெட் உண்டா?

கிடையாது. மாநில பட்ஜெட் துறைவாரியானது. மீன்வளம் மற்றும் மீனவர் நலம் மானியக் கோரிக்கை எண் 7, நீர்வளம் 40, ஊரக வளர்ச்சி 42. மாவட்டத்துக்கு வரும் பணம் இப்படிப் பல கோரிக்கைகளுக்குள் சிதறிக் கிடக்கும். ‘எங்கள் மாவட்டத்துக்கு மொத்தம் எவ்வளவு’ என்ற கேள்விக்கு ஒரே பக்கத்தில் விடை கிடைக்காததற்குக் காரணம் இதுதான். துறைவாரியாகக் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

2018-ல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று அறிவித்தபோது தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. அதனால் பெரிய தனி நிதி வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது இருக்கிற திட்டங்களை ஒருங்கிணைத்து, சுகாதாரம், கல்வி, நீர் போன்றவற்றின் அளவீடுகளை மாதாமாதம் கண்காணிக்கும் ஏற்பாடு. நன்றாக முன்னேறினால் ஊக்கத்தொகை உண்டு, அவ்வளவே.

2405, 4405 என்று நான்கு இலக்க எண்கள் வருகின்றனவே, இவற்றை எப்படிப் படிப்பது?

இதைக் கற்றுக்கொண்டால் பாதி பட்ஜெட் புரிந்த மாதிரி. முதல் இலக்கத்தைப் பாருங்கள். 0 அல்லது 1 என்றால் வரவு. 2 அல்லது 3 என்றால் வருவாய்ச் செலவு: சம்பளம், மானியம், நிவாரணம், பழுதுபார்ப்பு. 4 அல்லது 5 என்றால் மூலதனச் செலவு, அதாவது நிற்கிற சொத்து. 6 அல்லது 7 என்றால் அரசு கொடுக்கும் கடன்.

மீன்வளத்துக்கு 2405 வருவாய்த் தலைப்பு. அதோடு 2000 கூட்டினால் 4405, அதே துறையின் மூலதனத் தலைப்பு. இன்னொரு 2000 கூட்டினால் 6405, கடன். குடிநீருக்கு 2215, 4215. சாலை, பாலத்துக்கு 3054, 5054. வெள்ளத் தடுப்பு, கடலரிப்புத் தடுப்பு வேலைகளை 2711, 4711-ல் தேடுங்கள்.

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 2405-ல் இருக்கும். புதிய மீன் இறங்குதளம் 4405-ல். ‘மீன்வளத்துக்கு ஒதுக்கீடு உயர்ந்தது’ என்று செய்தி வந்தால் இரண்டில் எது உயர்ந்தது என்று பாருங்கள். 2405 உயர்ந்தால் இந்த ஆண்டு அடுப்பெரியும். 4405 உயர்ந்தால் ஐந்தாண்டு கழித்துத் தொழில் மாறலாம். இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க விடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஓர் ஆண்டின் மதிப்பீட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். புத்தகத்தில் ஒவ்வொரு வரியிலும் முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று வரிசையாக இருக்கும். மதிப்பீட்டுக்கும் உண்மைச் செலவுக்கும் இடையே ஆண்டுதோறும் பெரிய பள்ளம் விழுந்தால், அந்தத் திட்டம் ஏட்டுச் சுரைக்காய்.

நாட்டின் வளர்ச்சி, மாநிலத்தின் வளர்ச்சி என்று பேசும்போது பட்ஜெட் உண்மையில் என்ன செய்கிறது?

மூன்று வேலை. தனியார் யாரும் போட மாட்டாத இடத்தில் பணம் போடுவது: துறைமுகம், பாலம், குடிநீர்க் குழாய். ஒரு பகுதியில் வசூலித்ததை இன்னொரு பகுதிக்கு நகர்த்துவது. தொழில் படுத்திருக்கும் மாதங்களில் கையில் காசு புழங்க வைப்பது. கடலோரத்துக்கு மூன்றும் பொருந்தும்.

தமிழ்நாட்டின் 2025–26 மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். வருவாய் வரவு ஏறத்தாழ 3,31,569 கோடி ரூபாய். வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. ஆக 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறை. மூலதனச் செலவு ஏறத்தாழ 57,231 கோடி. நிதிப் பற்றாக்குறை, அதாவது அந்த ஆண்டு மொத்தமாகக் கடன் வாங்கிச் சமாளிக்க வேண்டியது, 1,06,963 கோடி. மாநில உற்பத்தியில் 3 சதவீதம்.

இதை வீட்டுக் கணக்காகச் சொன்னால்: மாத வரவு மளிகைக்கும் மருந்துக்கும் பழைய கடனின் வட்டிக்குமே போதவில்லை. புதிதாக வலை வாங்குவது முழுக்கக் கடனில், மளிகையிலும் கொஞ்சம் கடனில். கடனுக்கு உச்சவரம்பு உண்டு. அப்போது இடிக்கிறபோது எது தள்ளிப்போகும்? சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வட்டியையும் தள்ள முடியாது. துறைமுகம்தான் அடுத்த ஆண்டுக்குப் போகும். வருவாய்ப் பற்றாக்குறை என்ற சென்னைச் சொல் மூக்கையூருக்கும் தொண்டிக்கும் வந்து சேரும் விதம் இது.

மத்திய வரிப் பங்கையும் சொல்லிவிடலாம். மத்திய வரியைப் பிரிப்பதற்குப் பரிந்துரை செய்வது நிதிக்குழு. 2021–26 காலத்துக்கான 15-வது நிதிக்குழுவின்படி பகிரத்தக்க வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் போனது. அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். பகிரத்தக்க தொகுப்பின் 100 ரூபாயில் இங்கே வந்தது 1 ரூபாய் 67 காசு. செஸ்ஸும் கூடுதல் வரியும் அந்தத் தொகுப்புக்குள்ளேயே வராது.

வேலை ஏன் எப்போதும் மார்ச்சில்தான் தலைதெறிக்க நடக்கிறது?

நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. செலவழியாத ஒதுக்கீடு மார்ச் 31 நள்ளிரவோடு காலாவதி. அடுத்த ஆண்டு புதிதாக ஒதுக்க வேண்டும். நாடு முழுக்க இருக்கும் நோய்தான். ஆனால் ராமநாதபுரம் கரையில் இதோடு கடலின் நாட்காட்டியும் மோதுகிறது.

வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், வேலை ஒன்றை வைத்துப் பாருங்கள். மார்ச்சில் பட்ஜெட். மானியக் கோரிக்கை விவாதம் முடிந்து அரசாணை வர ஜூன், ஜூலை. மதிப்பீடும் தொழில்நுட்ப ஒப்புதலும் ஆகஸ்ட். ஒப்பந்தப்புள்ளி செப்டம்பர். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது அக்டோபர். அன்றைக்குத்தான் வாடை தொடங்கும். வடகிழக்குப் பருவமழையில் வடகடல் புரளும்போது தண்ணீருக்குள் பைல் இறக்க முடியாது, பாறை கொட்டினால் நிற்காது. கொட்டிய கல் எங்கே போனது என்று பிறகு கணக்குக் கேட்டால் கடலைத்தான் காட்டுவார்கள். ஜனவரி கடைசியில் கடல் அடங்கும். ஆக, பன்னிரண்டு மாதப் பணத்துக்கு வேலை நாள் பிப்ரவரியும் மார்ச்சும் மட்டும்.

தென்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம், கதை தலைகீழ். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை அங்கே கொந்தளிப்பு. பட்ஜெட் முடிந்த கையோடு அரசாணை வந்தாலும் அங்கே உடனே கடலுக்குள் இறங்க முடியாது. தென்கடல் வேலைக்கு செப்டம்பருக்குள் ஒப்பந்தம் முடிந்தால் காலம் வீணாகாது. வடகடல் வேலைக்கு முந்தைய டிசம்பரிலேயே ஒப்பந்தப்புள்ளி வேலை முடிந்திருக்க வேண்டும். ஒரே துறை, ஒரே அரசாணை, இரண்டு கடல். இரண்டுக்கும் ஒரே கால அட்டவணை போடுவதுதான் இந்த மாவட்டத்தில் பணம் வீணாகும் முதல் ஓட்டை என்பது எங்கள் முடிவு.

அவசரத்தில் நடக்கும் வேலையில் முதலில் அடிபடுவது கான்கிரீட். உப்புக் காற்றடிக்கும் இடத்தில் கம்பிக்கு மேல் மூடும் கான்கிரீட்டின் கனம் குறைந்தாலோ, அதை இறுக விட்டு நீராட்டும் நாள் குறைந்தாலோ, சில ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்து உப்பி, மேல்பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வரும். இறங்குதளத் தூண்களில் அலை ஏறி இறங்கும் மட்டத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் இதுதான். நீராட்டும் தண்ணீர் உவர் தண்ணீராக இருந்தால் நோய் உள்ளேயே குடிகொண்டுவிடும். நல்ல தண்ணீர் லாரிக்கு மதிப்பீட்டில் பணம் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது சின்ன விஷயம்போல் தெரியும். அப்படியல்ல.

தடைக்கால நிவாரணம் ஏன் தடைக்காலத்திலேயே கைக்கு வருவதில்லை?

கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நிதியாண்டு பிறந்து பதினைந்தாம் நாளே தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் பட்ஜெட் பேரவை விவாதத்தில் இருக்கும்; பணத்தை விடுவிக்கும் அரசாணை, பயனாளிப் பட்டியல் சரிபார்ப்பு, வங்கிக் கணக்கு ஒத்துப்பார்ப்பு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பட்டியலைப் பிப்ரவரியிலேயே புதுப்பித்து வைத்த இடங்களில் பணம் முன்னால் வரும்.

தேர்தல் ஆண்டில் இன்னும் இழுக்கும். 2021-ஐப் பாருங்கள்: பிப்ரவரி 23-ல் இடைக்கால பட்ஜெட், திருத்திய பட்ஜெட் ஆகஸ்ட் 13-ல். இடையில் ஓடியது செலவு அனுமதி மானியத்தில், அதாவது முழு பட்ஜெட் வரும்வரை செலவுக்குப் பேரவை தரும் முன் அனுமதியில். பழைய திட்டங்களுக்குப் பணம் வரும். புதிய திட்டமோ உயர்த்திய தொகையோ முழு பட்ஜெட்டுக்காகக் காத்திருக்கும்.

தொகை: 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். 61 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய். குடும்பம் ஓட்டப் போதாது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் 10,000 குடும்பம் உள்ள கரையோரத்தில் அது 8 கோடி ரூபாய். படகு கட்டிக் கிடக்கும் மாதத்தில் அத்தனையும் மளிகைக் கடைக்கும் பள்ளிச் சீருடைக்கும் உள்ளூரிலேயே போகும். ஜூன் முடிந்து வந்தால் அதே 8 கோடி கந்துவட்டி அடைக்கப் போகும். தொகை ஒன்றுதான், தேதி மாறினால் பலன் மாறிவிடுகிறது.

விடுபட்டவர்கள் கவனிக்க வேண்டியது: கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவு, குடும்ப அட்டையில் பெயர், ஆதார் இணைந்த கணக்கு இயங்குகிறதா என்பது. பல மாதம் பரிவர்த்தனை இல்லாமல் கணக்கு முடங்கியிருந்தால் பணம் திரும்பிப் போய்விடும். ஏப்ரலுக்கு முன் நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள்.

வரியில்லா டீசல் பட்ஜெட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

செலவுப் பக்கத்தில் தேடினால் முழுதாகக் கிடைக்காது, ஏனென்றால் அது அரசு வாங்காமல் விட்ட வரி. விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த அளவு 19,000 ஆகவும், இயந்திர நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் 4,400 ஆகவும் உயர்ந்தன. 2020 மே மாத விகிதப்படி தமிழ்நாட்டில் டீசல் மீதான வரி 11 சதவீதமும் அதன்மேல் லிட்டருக்கு 9.62 ரூபாயும். தோராயமாக லிட்டருக்கு 17 ரூபாய் என்று வைத்தால் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 3,23,000 ரூபாய், நாட்டுப்படகுக்கு 74,800 ரூபாய்.

வலையும் நண்டும் நம்பிப் பிழைக்கும் சிறு வள்ளக்காரருக்கும், கரைவலை இழுப்பவருக்கும், கருவாடு போடும் பெண்களுக்கும் இந்த வரிச் சலுகையில் பங்கு மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. சலுகையை நிறுத்தச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. யாருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கும்போது பட்ஜெட்டில் எழுதிய செலவை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும் என்பதற்காக.

ஆழ்கடல் மீன்பிடிப் படகுத் திட்டத்தில் அவ்வளவு பணம் இருந்தும் ஏன் எடுபடவில்லை?

2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம். பாக் நீரிணையில் இழுவைமடி வலைப் படகுகளைக் குறைத்து, சூரை மீன் பிடிக்கும் தூண்டில், செவுள்வலைப் படகுகளுக்கு மாற்றுவது நோக்கம். மூன்றாண்டில் 2,000 படகு, 1,600 கோடி ரூபாய். ஒரு படகின் விலை 80 லட்சம்: மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் கையிலிருந்து 8. காகிதத்தில் இதைவிடத் தாராளமான மானியம் அரிது. ஆனாலும் இலக்கின் அருகில்கூடப் போகவில்லை.

மானியம் படகை வாங்கித் தரும். தொழிலை மாற்றித் தராது. ராமேஸ்வரத்து விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் போய், ஓர் இரவு தங்கி, காலையில் கரை திரும்பும். ஆழ்கடல் என்றால் வாரக்கணக்கு. அதற்கான டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பணமாகப் போட வேண்டும். திட்டம் படகுக்குப் பணம் கொடுத்தது, நடைமுறை மூலதனத்துக்குக் கொடுக்கவில்லை. ஆழம் குறைந்த வடகடலில் பெரிய படகைக் கட்ட இடமில்லை. குந்துகால், மூக்கையூர் என்று தள்ளிப் போக வேண்டும். ஆயிரம் தூண்டில் கயிறு விடும் கைப்பழக்கம் தொழிலாளர்களுக்கு இல்லை. சூரையை மைனஸ் குளிரில் வைக்கும் வசதியும், உடனே எடுக்கும் வியாபாரியும் கரையில் இல்லாவிட்டால் விலை பாதியாகும். பழைய இழுவைப் படகையும் ஒழிக்க வேண்டும் என்பது நிபந்தனை. வருமானம் உறுதியில்லாத நேரத்தில் இருக்கிற படகை யார் விடுவார்கள்? பின்னர் படகின் மதிப்பீட்டு விலை உயர்ந்தபோது கைப்பணமும் உயர்ந்தது.

பட்ஜெட்டில் ஒரு பொருளுக்குப் பணம் ஒதுக்குவது எளிது. அதைச் சுற்றியுள்ள ஐந்து பொருளுக்கு ஒரே ஆண்டில் ஒதுக்குவதுதான் கடினம், ஏனென்றால் அவை ஐந்து துறைகளில் இருக்கும்.

மத்திய அரசுத் திட்டங்களில் மாநிலம் தன் பங்கைப் போடாவிட்டால் என்ன ஆகும்?

பணம் நிற்கும். பிரதமரின் மீன்வளத் திட்டம் 2020-ல் 20,050 கோடி ரூபாய் மதிப்பில் வந்தது. அதில் தனிப் பயனாளிக்கு மானியம் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம். அந்த மானியத்தை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்று பகிர்கின்றன. மீதியைப் பயனாளி போட வேண்டும். கடற்பாசி வளர்க்கும் பெண் 1 லட்ச ரூபாய்த் திட்டத்தில் சேர்ந்தால் மானியம் 60,000. கையில் 40,000 இருக்க வேண்டும். ‘மானியம் வந்தும் யாரும் எடுக்கவில்லை’ என்ற அறிக்கைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த 40,000 இருக்கும்.

தொண்டிப் பக்கம் வளமாவூரில் 127.71 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா இதே திட்டத்தின்கீழ் அனுமதியானது. விதைப்பாசி தரமும் வெயில்கால அழிவும்தான் பாசிக்காரரின் முதல் கவலை. கட்டடம் எழும்பும் வேகத்தைவிட விதை வங்கி எப்போது இயங்கும் என்று கேளுங்கள்.

துறைமுகம் போன்றவற்றுக்கு இன்னொரு வழி 2018–19-ல் வந்த மீன்வள உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதி, 7,522 கோடி ரூபாய். இது மானியமில்லை, கடன். வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு வழியாக மாநிலம் வாங்கும், 3 சதவீதம் வரை வட்டிச் சலுகை உண்டு, 12 ஆண்டில் அடைக்க வேண்டும். ‘மத்திய நிதியில் துறைமுகம்’ என்று பலகை வைத்திருந்தாலும் அடைப்பது மாநிலம்தான்.

புதிய பாம்பன் பாலம் யார் பணம்?

ரயில்வே பணம், ஆகவே மத்திய பட்ஜெட். 2017 முதல் ரயில்வேக்குத் தனி பட்ஜெட் கிடையாது. 2.08 கிலோமீட்டர், நடுவில் 72.5 மீட்டர் செங்குத்தாகத் தூக்கும் பகுதி, 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 2025 ஏப்ரல் 6-ல் திறப்பு. 1914-ல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. இடைப்பட்ட இரண்டேகால் ஆண்டு ராமேஸ்வரம் விடுதிக்காரரும் ஆட்டோக்காரரும் இழந்த வருமானம் எந்த பட்ஜெட் கணக்கிலும் ஏறவில்லை. தாமதத்தின் விலையை எப்போதும் அடுத்தவர்தான் கொடுக்கிறார்.

இறங்குதளம் கட்டிவிட்டார்கள். பழுது பார்க்க மட்டும் பணமில்லை என்கிறார்களே?

கட்டுவது 4405, காப்பது 2405. திறப்பு விழாவுக்கு ஆள் வருவார், வெல்டிங் வேலைக்கு வர மாட்டார். கட்டி முடித்த சொத்து யாருடையது என்பதே பல இடங்களில் குழப்பம்: துறை கட்டியது, ஊராட்சி எல்லைக்குள் நிற்கிறது, சங்கம் பயன்படுத்துகிறது, மின்கட்டணத்தை ஒருவரும் கட்டவில்லை. விளக்கு எரியாததற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கட்டணப் பாக்கி.

எங்கள் யோசனை எளிமையானது. 10 கோடி ரூபாய் வேலைக்கு அனுமதி தரும் அரசாணையிலேயே ஆண்டுக்கு 1 சதவீதம், அதாவது 10 லட்சம், பராமரிப்புக்கு எந்தத் தலைப்பில் வரும், மின் இணைப்பு யார் பெயரில் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாத வேலையைச் சங்கம் ஒப்படைப்பு வாங்கக் கூடாது. ஏலக்கூடத்தில் கூரைத் தகடு, வடிகால் மூடி, நல்ல தண்ணீர்க் குழாய் இந்த மூன்றும்தான் முதலில் போகும். வடிகால் அடைத்தால் மீன்கழிவு தேங்கும், ஈ மொய்க்கும், ஏற்றுமதி வியாபாரி அந்தக் கூடத்தில் எடுக்க மாட்டார், மீனுக்கு விலை இறங்கும். பல கோடிக் கட்டடத்தின் பலனை ஒரு வடிகால் மூடி தின்றுவிடும்.

ஊராட்சிக்கு என்னென்ன பணம் வரும்?

மாவட்டத்தில் 11 ஒன்றியம், 429 ஊராட்சி. வீட்டு வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம், கண்மாய் மீன்பாசி ஏலம், கருவேல மர ஏலம் என்று சொந்த வரவு. மாநில நிதி ஆணையம் வழியாக மாநில வரியில் பங்கு. மத்திய நிதிக்குழு மானியம்: 15-வது நிதிக்குழுவின் 2021–26 காலத்தில் இதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் செலவழிக்க வேண்டியிருந்தது, 40 சதவீதம் ஊரின் தேவைக்கு, ஆனால் சம்பளத்துக்கு ஆகாது.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் மத்திய நிதிக்குழு மானியம் என்பது நிபந்தனை. இங்கே 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்குப் போனது. தேர்தல் தள்ளிப்போவது ஊர் அரசியல் மட்டுமில்லை, குடிநீர்க் குழாய்க்கான காசும்கூட.

எம்.பி., எம்.எல்.ஏ. நிதியில் கேட்கலாமா?

சிறு வேலைக்குக் கேட்கலாம். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி. ஒரு தொகுதியில் எத்தனை ஊர் என்று வகுத்துப் பாருங்கள். உயர்கோபுர விளக்கு, வலை பின்னும் கூடம் சரி. அலைத் தடுப்புச் சுவர் கேட்டு மனுக் கொடுப்பது மனுத்தாளுக்கு நஷ்டம்.

எங்கள் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு. மானியக் கோரிக்கையின்போது தமிழில் வரும், அரசு இணையதளத்தில் இலவசம். முந்தைய ஆண்டின் அறிவிப்புகள் எந்த நிலையில் உள்ளன என்று பாருங்கள். அதில் அரசாணை எண்ணும் தேதியும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக அலைவதில் பயனில்லை.

அது கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு. ‘ஏன் தாமதம்’ என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் இல்லை என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: நிர்வாக ஒப்புதல் அரசாணை நகல், தொழில்நுட்ப ஒப்புதல் நாள், ஒப்பந்தத் தொகை, வேலை முடிக்க வேண்டிய நாள், இதுவரை பில் தொகை, எம்-புக் பக்கங்களின் நகல், பயன்பாட்டுச் சான்றிதழ் (வந்த பணம் உரிய வேலைக்குச் செலவானது என்ற சான்று) அனுப்பிய நாள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கடைசிக் கேள்வி முக்கியமானது: சான்றிதழ் போகாவிட்டால் மத்தியத் திட்டத்தின் அடுத்த தவணை வராது. வேலை பாதியில் நிற்கும் இடங்களில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எங்கள் கோரிக்கையை எந்த மாதத்தில் கொண்டுபோக வேண்டும்?

பிப்ரவரியில் மனுக் கொடுப்பவர்களே அதிகம். அதற்குள் புத்தகம் அச்சுக்குப் போயிருக்கும். துறைகள் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டைச் செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் திரட்டும். ஆகவே ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம், அந்த மாதமே மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனு, மாவட்ட ஆட்சியர் அலுவலக மீனவர் குறைதீர்க் கூட்டத்தில் பதிவு. அக்டோபர் 2 கிராம சபையில் அதன் நிலையைக் கேட்டு மறு தீர்மானம்.

மனுவோடு நான்கு தாள் இணைத்தால் அது நகரும்: இடத்தின் சர்வே எண்ணும் நில வகைப்பாடும், எத்தனை படகு கட்டுகிறது என்ற பதிவெண் பட்டியல், நீர் வற்றும்போது படகுத்துறையில் எத்தனை அடி ஆழம் என்ற அளவு, வாடையிலும் கச்சானிலும் எடுத்த படம் ஒவ்வொன்று. நிலம் புறம்போக்கா, வனமா, தனியார் பட்டாவா என்பது தெரியாமல் போன கோப்புகள்தான் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அதிகம் திரும்பி வருகின்றன.